குமரி மாவட்டத்தில் செயற்கை நுண்ணறிவு: காற்றாலை முதல் கள்ளக்கடல் வரை

கேள்வி இது: "செயற்கை நுண்ணறிவு நீடித்த பொருளாதார வளர்ச்சிக்கும் பாதுகாப்புக்கும் பெரிய துணை என்கிறார்கள். காற்றாலை, கடல், ரப்பர், வாழை, சுற்றுலா என்று ஓடும் கன்னியாகுமரி மாவட்டத்தில் அது நடைமுறையில் என்ன செய்யும்? எங்கிருந்து தொடங்கலாம்?"

கணிக்கும் மாடல்களுக்கு, அதாவது அதற்கான கணினி நிரல்களுக்கு, இன்று பஞ்சமில்லை. உலக வானிலையைக் கணிக்கும் மாடல்களே இலவசமாகக் கிடைக்கின்றன. குமரி மாவட்டத்தில் குறைவாக இருப்பவை வேறு இரண்டு. ஒன்று, இந்தக் காற்றிலும் கடலிலும் தோட்டத்திலும் எடுத்த அளவுகள். இன்னொன்று, கணிப்பு வந்ததும் முடிவெடுக்க வேண்டிய ஆளிடம் அது நேரத்துக்குப் போய்ச் சேரும் வழி. இரண்டும் அமைந்த இடத்தில் ஏ.ஐ. பணத்தையும் உயிரையும் காப்பாற்றும். ஒன்று இல்லையென்றாலும் எவ்வளவு செலவழித்தும் பலன் இருக்காது. இதை வைத்தே ஒவ்வொரு தொழிலாகப் பார்க்கலாம்.

முதலில் காற்றாலை, ஏனென்றால் அளவுகள் ஏற்கெனவே குவிந்து கிடப்பது அங்கேதான். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழி கணவாய்க்குள் நெருக்கி நுழைந்து வேகம் பிடிக்கிறது. முப்பந்தல், ஆரல்வாய்மொழி, தோவாளை வட்டாரத்தில் இத்தனை இயந்திரங்கள் நிற்பதற்கு அதுவே காரணம். வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை சீசன். வருட உற்பத்தியில் பெரும்பங்கு அந்த மாதங்களில்தான் வரும். மின்தொகுப்பை நடத்துகிறவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. காற்றில் உள்ள ஆற்றல், வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். வினாடிக்கு 6 மீட்டர் வீசும் காற்று 7 மீட்டர் ஆனால் ஆற்றல் 59 விழுக்காடு கூடிவிடும். வேகத்தைக் கணிப்பதில் 10 விழுக்காடு பிசகினால் மின்சாரக் கணக்கு 33 விழுக்காடு பிசகும். இயந்திரம் முழுத் திறனைத் தொட்ட பிறகு இந்தக் கணக்கு பொருந்தாது, ஆனால் தினசரி தலைவலி தருவது அதற்குக் கீழே உள்ள நடுவேகங்கள்தான்.

மின்தொகுப்பில் ஒரு நாளை 15 நிமிடம் கொண்ட 96 கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எவ்வளவு தருவோம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இதற்கான விதிமுறைகளை 2019-இல் வெளியிட்டது. சொன்னதற்கும் தந்ததற்கும் இடைவெளி வரம்பைத் தாண்டினால் காசு கட்ட வேண்டும். அதைவிடப் பெரிய இழப்பு, கணிப்பை நம்ப முடியாதபோது மின்வாரியம் அனல் மின் நிலையங்களைக் குறைக்கத் தயங்கிக் காற்றாலையைக் குறைக்கச் சொல்வது. அடிக்கிற காற்று வீணாகப் போகிறது, அங்கே நிலக்கரி எரிகிறது. நீடித்த வளர்ச்சி என்ற பெரிய சொல்லுக்கு இந்த மாவட்டத்தில் நேரடியான பொருள் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

நல்ல கணிப்பை இப்படிக் கட்டலாம். குறைந்தது இரண்டு வருட உற்பத்தியை 15 நிமிட இடைவெளியில் எடுக்க வேண்டும். அதோடு அதே நேரங்களுக்கு வெளியான வானிலை மாடல்களின் 100 மீட்டர் உயரக் காற்று வேகம், திசை, வெப்பநிலை, அழுத்தம் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். இதில் ஒரு நுணுக்கம்: அன்று உண்மையில் வீசிய காற்றை வைத்து மாடலுக்குக் கற்றுத்தந்து பழக்கக் கூடாது, முந்தைய நாள் வெளியான கணிப்பை வைத்தே பழக்க வேண்டும். வேலை செய்யும் நாளில் மாடலுக்குக் கிடைக்கப்போவது கணிப்பு மட்டும்தானே. பல உலக வானிலை மாடல்களில் வரைபடத்தின் ஒரு சதுரம் 25 கி.மீ. அளவு இருக்கும். கணவாயின் குறுகலை அது பார்ப்பதில்லை. மலையையும் சமவெளியையும் சராசரி ஆக்கிவிடும். இங்கே எடுத்த அளவுகளை வைத்து அந்தப் பிழையைத் திருத்துவதுதான் நம் மாடலின் முழு வேலை. அதற்குப் பெரிய நரம்பியல் வலைப்பின்னல் தேவையில்லை, ஆம், இல்லை என்று கேள்வி கேள்வியாகக் கிளைக்கும் முடிவு மரங்களை அடுக்கிப் பழக்கும் சாதாரண முறையே போதும். சாதாரண மடிக்கணினியில் ஓடும்.

பெரும்பாலும் எங்கே கெடுகிறது என்றால், இயந்திரம் நின்ற நேரங்களில். பராமரிப்புக்காக ஒரு வாரம் நிறுத்தியிருப்பார்கள், அல்லது மின்வாரியம் குறைக்கச் சொல்லியிருக்கும். அந்த நேரத்து உற்பத்தி பூஜ்யமாகவோ மிகக் குறைவாகவோ பதிவாகியிருக்கும். இதைப் பிரித்துக் குறிக்காமல் பழக்கினால், 'ஆனியில் பலத்த காற்று அடித்தால் மின்சாரம் வராது' என்று மாடல் கற்றுக்கொள்ளும். எத்தனை இயந்திரம் ஓடும் நிலையில் இருந்தது, எந்த நேரம் குறைக்கச் சொன்னார்கள் என்ற இரண்டு நெடுவரிசைகள் கணக்கில் இருந்தே ஆக வேண்டும். பல இடங்களில் இவை ஷிப்ட் ஆபரேட்டரின் நோட்டுப் புத்தகத்தில் மட்டும் இருக்கின்றன. அந்த நோட்டைத் தட்டச்சு செய்ய ஒரு மாதச் சம்பளத்துக்கு ஆள் போடுவது, விலை உயர்ந்த மென்பொருள் வாங்குவதைவிட லாபமான காரியம்.

இரண்டாவது பயன், பழுதை முன்கூட்டி அறிவது. கியர்பாக்ஸ் கழற்றி மாட்டக் கிரேன் வேண்டும், காற்று பலமாக அடிக்கும்போது கிரேன் தூக்க முடியாது. ஆகவே மாசி, பங்குனியில் கண்டுபிடித்தால் சரிசெய்துவிடலாம். அதே பழுது ஆனியில் வெளிப்பட்டால் சீசனில் பாதி போய்விடும். பேரிங் வெப்பநிலையை எடுத்துக்கொள்வோம். வெளி வெப்பம், அந்த நேர மின்சாரம், சுழலும் வேகம் மூன்றையும் கொடுத்து, 'ஆரோக்கியமான இயந்திரமாக இருந்தால் பேரிங் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும்' என்று மாடலிடம் கேட்க வேண்டும். உண்மைச் சூடு அதைவிடக் கூடுதலாக இருந்து, அந்த வித்தியாசம் நாள்கணக்கில் ஏறிக்கொண்டே போனால் ஆளை அனுப்ப வேண்டும். ஒரு நாள் மட்டும் எகிறி இறங்கினால் பெரும்பாலும் சென்சார் கோளாறு. மாடலைப் பழக்கச் சீசனும் சீசன் இல்லாத மாதங்களும் சேர்ந்த முழு வருட அளவு வேண்டும். மார்கழி மாத அளவில் மட்டும் பழக்கினால் ஆனி பிறந்ததும் எல்லா இயந்திரத்துக்கும் எச்சரிக்கை அடிக்கத் தொடங்கும். ஆயில் மாற்றினாலும் அடிப்படை நகர்ந்துவிடும் என்பதால் மாற்றிய தேதியையும் குறித்து வைக்க வேண்டும்.

பழைய 225, 250 கிலோவாட் இயந்திரங்கள் பலவற்றில் இப்படிப் பதிவு செய்யும் வசதியே கிடையாது. அவற்றில் ஒரு அதிர்வுமானியை வெளியே பொருத்தலாம். ஜெனரேட்டர் தண்டு நிமிடத்துக்கு 1,500 சுற்று சுழன்றால் வினாடிக்கு 25 சுற்று. எட்டு உருளைகள் கொண்ட பேரிங்கின் வெளிவளையத்தில் விரிசல் விட்டால் ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு தெரியும். பத்து நிமிடச் சராசரியில் இந்தத் துடிப்பு கரைந்துபோகும், வினாடிக்குச் சில ஆயிரம் முறை அளக்கும் கருவி வேண்டும். எல்லாப் பழைய இயந்திரத்துக்கும் இந்தச் செலவு கட்டாது. எதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பெரிய இயந்திரம் வைக்கலாம் என்று முடிவெடுக்க, அதிகம் ஓடும் சிலவற்றில் பொருத்திப் பார்ப்பதே சரி.

இனி கடல். இங்கே கதை தலைகீழ். கணிப்பு நன்றாக இருக்கிறது, போய்ச் சேரும் வழிதான் இல்லை.

2017 நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலமாக இருந்த ஒக்கி, 30 காலையில் குமரிக் கடலிலேயே புயலாகிவிட்டது. ஒரு நாள் அவகாசம்கூட இல்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி போன்ற ஊர்களின், பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்குகடல் படகுகள் அப்போது கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் நின்றன. கரைக்கு வந்த எச்சரிக்கை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. படகில் உள்ள வி.எச்.எப். வயர்லெஸ் பார்வைக்கோட்டைத் தாண்டாது. கடல்மட்டத்திலிருந்து 4 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்த இரண்டு படகுகள் பேசிக்கொள்ளக்கூடிய தூரம் 15, 16 கி.மீ.தான். கரையில் 50 மீட்டர் கோபுரம் இருந்தாலும் 40 கி.மீ.க்கு உள்ளேயே முடிந்துவிடும்.

இன்று நிலைமை எவ்வளவு மாறியிருக்கிறது? கணிப்பில் நிறையவே. கூகுள் டீப்மைண்டின் கிராப்காஸ்ட், பத்து நாள் உலக வானிலையை ஒரே கருவியில் ஒரு நிமிடத்துக்குள் கணக்கிடுகிறது. ஐரோப்பிய வானிலை மையம் தன் ஏ.ஐ. மாடலை 2025 பிப்ரவரியில் தினசரிப் பயன்பாட்டுக்கே கொண்டுவந்துவிட்டது. புயல் எந்தப் பாதையில் போகும் என்பதை இவை நன்றாகச் சொல்கின்றன. எவ்வளவு பலமாகும் என்பதில் பலவீனம் இருக்கிறது. சராசரிப் பிழையைக் குறைக்கும்படி பழக்கப்பட்டவை என்பதால் உச்சக்காற்றை மழுப்பிக் காட்டும். ஒக்கி போலத் திடீரென்று பலமாகும் புயலில் அதுதான் ஆபத்து. எனவே பாதைக்கு ஏ.ஐ., பலத்துக்கு இயற்பியல் மாடலும் அனுபவமுள்ள வானிலை அலுவலரும் என்று இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கரையைத் தாண்டித் தகவல் அனுப்பச் செயற்கைக்கோள் தவிர வேறு வழியில்லை. 2019-இல் வந்த ஜெமினி கருவி, ககன் செயற்கைக்கோள் வழியாகச் செய்தியைப் படகுக்குத் தரும், பதில் அனுப்ப முடியாது. இப்போது படகுகளில் பொருத்தும் டிரான்ஸ்பாண்டரில் இருவழியும் உண்டு. 2024-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் இலக்கு ஒரு லட்சம் படகுகள். இருவழி என்பதால் படகு எங்கே நிற்கிறது என்று கரைக்குத் தெரியும். ஏ.ஐ.க்கு உண்மையான வேலை இங்கேதான் பிறக்கிறது.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 7 நாட்டிக்கல் மைல் ஓடும் விசைப்படகு 24 மணி நேரத்தில் 168 நாட்டிக்கல் மைல், அதாவது சுமார் 310 கி.மீ. ஓடும். 500 கி.மீ.க்கு அப்பால் நிற்கும் படகிடம் 'உடனே கரை திரும்பவும்' என்று சொன்னால், அது புயலின் பாதையில் நேராக வந்து மாட்டிக்கொள்ளக்கூடும். அந்தப் படகை ஓட்டும் ஸ்ராங்குக்குத் தேவை வேறு செய்தி. பூமியின் வட பாதியில் புயல் நகரும் திசைக்கு வலப்பக்கம் காற்று அதிகம், இடப்பக்கம் சற்றுக் குறைவு. படகின் இடம், வேகம், மிச்ச டீசல், புயல் எடுக்கக்கூடிய பல பாதைகள் எல்லாவற்றையும் வைத்து, எந்தத் திசையில் எத்தனை மணி நேரம் ஓடினால் காற்று குறைந்த இடத்துக்குப் போகலாம் என்று ஒவ்வொரு படகுக்கும் தனித்தனியாகக் கணக்கிட முடியும். ஒதுங்கும் இடம் லட்சத்தீவாக இருக்கலாம், வடக்கே வேறு மாநிலத் துறைமுகமாகவும் இருக்கலாம். ஒக்கியின்போது பிழைத்த படகுகளில் பல மகாராஷ்டிரா, லட்சத்தீவு என்றுதான் ஒதுங்கின. செய்தி இரண்டே வரியில் இருக்க வேண்டும்: 'நாளை மாலை 4 முதல் உங்கள் இடத்தில் மணிக்கு 80 கி.மீ. காற்று. இப்போதே வடமேற்கே 10 மணி நேரம் ஓட்டவும்.' எண்ணும் திசையும் நேரமும் போதும், விளக்கம் வேண்டாம்.

கடற்கரை முழுவதற்கும் ஒரே எச்சரிக்கை கொடுப்பதில் இன்னொரு கெடுதல் உண்டு. ஒரு தங்கலுக்கு டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் என்று லட்சங்களில் முதலீடு. 'கடலுக்குப் போக வேண்டாம்' என்ற செய்தி வந்து கடல் அமைதியாகவே கிடந்தால், நாலாவது முறை யாரும் கேட்க மாட்டார்கள். இடம் பார்த்து, சாத்தியத்தின் அளவு சொல்லி எச்சரிக்கும்போதுதான் நம்பிக்கை நிற்கும். எத்தனை எச்சரிக்கை பலித்தது, எத்தனை பொய்த்தது என்ற கணக்கை ஊரில் ஒட்டி வைப்பதும் அவசியம்.

கரையோரத்தில் நிற்பவர்களுக்குக் கள்ளக்கடல் வேறு ஆபத்து. இங்கே காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், கடல் மட்டும் திடீரென ஏறி வரும். தெற்கே பல ஆயிரம் கி.மீ.க்கு அப்பால் தென் இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை அது. 18 வினாடி இடைவெளி கொண்ட அலைக்கூட்டம் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில், நாளொன்றுக்கு 1,200 கி.மீ. நகரும். ஐயாயிரம் கி.மீ. கடந்துவர நான்கு நாட்களுக்கு மேல் ஆகும். அவகாசம் தாராளமாக இருக்கிறது, ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் முன்கூட்டியே அறிவிக்கவும் செய்கிறது. இருந்தும் 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். எச்சரிக்கை வெளியாகியிருந்த நாட்கள்தான் அவை. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு 'கள்ளக்கடல்' என்றால் என்னவென்று தெரியாது, கடற்கரையில் சொல்லவும் ஆள் இல்லை.

இந்த இடத்தில் ஏ.ஐ. சேர்க்கக்கூடியது ஒன்று உண்டு. ஆழ்கடலில் இத்தனை மீட்டர் அலை என்ற கணிப்பை, 'இந்த ஊரில் தண்ணீர் எந்த வீட்டுவரை ஏறும்' என்று மாற்றுவது. அது மணற்சரிவு, தூண்டில் வளைவு, கடல்சுவர், அன்றைய ஓத நேரம் எல்லாவற்றையும் பொறுத்தது. பக்கத்துப் பக்கத்து ஊரிலேயே மாறும். ஒரு கம்பத்தில் கேமராவும், மணலில் அளவு குறித்த சில கம்பங்களும் வைத்து, இரண்டு சீசன் தண்ணீர் ஏறிய தூரத்தைப் பதிவு செய்தால் அந்த ஊருக்கான மாடல் கிடைக்கும். ஆனால் உப்புக்காற்றில் கேமரா கண்ணாடியில் படலம் படிந்துவிடும், வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைக்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். துடைக்க ஆள் இல்லாத திட்டம் ஒரே சீசனில் குருடாகிவிடும். அறிவிப்புக்கு வாட்ஸ்ஆப்பை மட்டும் நம்பக் கூடாது. கடலோர ஊர்களில் கோயில் மைக் இருக்கிறது, விடியற்காலையிலும் எல்லா வீட்டுக்கும் கேட்கும். கணினி உருவாக்கிய குரலைவிட, ஊர்க்காரர் ஒருவர் பேசிப் பதிவு செய்த நாலைந்து நிலையான அறிவிப்புகளை வைத்துக்கொண்டு எண்ணை மட்டும் மாற்றுவது நல்லது. விளவங்கோடு, கிள்ளியூர்ப் பக்கத்துப் பேச்சு, மாடல்கள் பழகிய தமிழ் அல்ல.

மீன் வளத்தில் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். கடல்மேற்பரப்பு வெப்பமும் பச்சையமும் பார்த்து மீன் கூடும் இடத்தைச் சொல்லும் தகவல் இன்காய்ஸில் இருந்து வருகிறது. மேகம் மறைத்த இடங்களை நிரப்ப ஏ.ஐ. உதவும். டீசல் மிச்சம்தான். ஆனால் எல்லாப் படகும் ஒரே இடத்துக்குத் துல்லியமாகப் போனால் அந்த மீன் கூட்டம் சீக்கிரம் தீரும். தேடும் திறனைக் கூட்டும் கருவியோடு, பிடித்ததை எண்ணும் கருவியும் சேர்ந்தே வர வேண்டும். சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் தடைக்காலம். ஒரே மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம் இருப்பதால், ஏலக்கூடத்தில் கேமரா வைத்து இனமும் நீளமும் எண்ணினால் எந்தத் தடை எந்த மீனுக்கு உதவுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க அருமையான வாய்ப்பு இருக்கிறது. இதை முதலில் செய்ய வேண்டும் என்பதே என் கருத்து.

தோட்டத்துக்கு வருவோம். இலையைப் படம் பிடித்தால் நோயைச் சொல்லும் செயலிகளைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 2016-இல் வெளியான ஒரு பரவலான ஆய்வில் 54,306 படங்களில் பழக்கிய மாடல் 99.35 விழுக்காடு சரியாகச் சொன்னது. அதே மாடலுக்கு வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது 31 விழுக்காட்டுக்கு இறங்கியது. பழக்கிய படங்கள் ஒரே நிறப் பின்னணியில், சீரான வெளிச்சத்தில் எடுத்தவை. ஆடி மழையில் நனைந்த ரப்பர் இலையும், நிழலில் நிற்கும் மட்டி வாழை இலையும் அப்படி இருக்காது.

நமக்கென்று ஒரு மாடல் வேண்டுமானால், ஒரு நோய்க்குக் குறைந்தது 400, 500 படங்கள், பத்துக்குக் குறையாத தோட்டங்களிலிருந்து, மலிவான போன்களிலும் சேர்த்து எடுக்க வேண்டும். சோதிக்கும்போது படங்களைக் கலைத்துப் பிரிக்கக் கூடாது, தோட்டம் தோட்டமாகப் பிரிக்க வேண்டும். ஒரே தோட்டத்தின் படம் பயிற்சியிலும் சோதனையிலும் இருந்தால், மாடல் நோயைப் பார்க்காமல் அந்தத் தோட்டத்து மண்ணையும் வெளிச்சத்தையும் அடையாளம் கண்டு மதிப்பெண் வாங்கிவிடும். 'தெரியவில்லை' என்று சொல்லவும் அதற்குக் கற்றுத்தர வேண்டும். மருந்தும் அளவும் சொல்ல விடவே கூடாது, அதைத் திருப்பதிசாரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலோ பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ கேட்டுக்கொள்ள வேண்டும்.

ரப்பரில் படத்தைவிட மழைக் கணிப்பே அதிகப் பயன் தரும். பால்வெட்டு விடியுமுன் நடக்கிற வேலை. வெட்டிய பிறகு மழை பெய்தால் பால் கழுவிப் போகும், வெட்டுக்காயத்தில் பூஞ்சையும் ஏறும். அடுத்த ஆறு மணி நேர மழையை இரவே சரியாகச் சொன்னால் தொழிலாளியின் ஒரு நாள் கூலி மிஞ்சும். குலசேகரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் மழை வெவ்வேறு என்பதால், மலையடிவாரத்தில் மழைமானிகளை நெருக்கமாக வைப்பதே முதல் வேலை. 2025-இல் மத்திய அரசு ஏ.ஐ. உதவியோடு பருவமழைத் தொடக்கக் கணிப்பை 3.8 கோடி விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பியது. விதைப்பவருக்கு அது நல்ல செய்தி, பால்வெட்டுக்காரருக்கு வேண்டியது மணிக்கணக்கு. தோவாளைப் பூ விலையைக் கணிக்கும் யோசனையை நான் ஊக்குவிக்க மாட்டேன். ஓணத்துக்கும் முகூர்த்தத்துக்கும் எகிறும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அதற்கு மேல் சொல்ல, நம்பத்தக்க தினசரிக் கொள்முதல் கணக்கு வேண்டும்.

அணைகளைப் பற்றிச் சுருக்கமாக. பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் என்பதால், கும்பப்பூ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் சேர்த்து வைக்கவும் வேண்டும், ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்துக்கு இடம் விடவும் வேண்டும். 2021 நவம்பர் வெள்ளத்தில் இந்த இழுபறியை எல்லோரும் பார்த்தோம். மேலே பெய்த மழையிலிருந்து அணைக்கு வரும் நீரைச் சில மணி நேரம் முன்பே கணிக்கும் மாடல்கள் நன்றாகவே வேலை செய்கின்றன. மதகைத் திறக்கும் அதிகாரம் மனிதரிடம்தான் இருக்க வேண்டும். மாடல் ஒரே எண்ணைச் சொல்லாமல், குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு என்று வரம்பாகச் சொன்னால்தான் பொறியாளர் சிறிது சிறிதாக முன்பே திறக்கத் துணிவார்.

பாதுகாப்பு என்றதும் பலருக்குக் கேமராவும் ட்ரோனும் நினைவுக்கு வரும். இந்த மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு இருக்கும் ஆபத்து போனில் வருகிறது. வளைகுடாவில் ஆள் இருக்கும் வீடுகள் ஏராளம். சமூக ஊடகத்தில் போட்ட வீடியோவிலிருந்து சில வினாடிக் குரல் கிடைத்தாலே மகன் பேசுவதுபோலப் பேசவைக்க முடியும். 'போலீஸ் பிடித்துவிட்டது, உடனே பணம் அனுப்பு' என்று அழும் குரலை அடையாளம் காண எந்தச் செயலியையும் நம்ப வேண்டாம். செய்ய வேண்டியது எளிது. குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள், அதை வாட்ஸ்ஆப்பில் எழுதாதீர்கள், நேரில் சொல்லுங்கள். பணம் கேட்கும் அழைப்பைத் துண்டித்துவிட்டு, உங்களிடம் உள்ள பழைய எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். வீடியோ காலில் கைது செய்வதாகச் சொல்லும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று சட்டத்தில் ஒன்றும் கிடையாது. பணம் போய்விட்டால் அந்த மணி நேரத்திலேயே 1930-க்கு அழைக்க வேண்டும். பணம் கைமாறிக்கொண்டே போகும் என்பதால், தாமதிக்கும் ஒவ்வொரு மணியிலும் முடக்கக்கூடிய தொகை குறையும்.

சுற்றுலா இடங்களில் முகம் அடையாளம் காணும் கேமரா பற்றியும் ஒரு கணக்கு. பொய்யான பொருத்தம் ஆயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். நல்ல கருவி போலத் தோன்றும். விடுமுறை நாளில் 50,000 பேர் கடந்தால் ஒரு குற்றமும் செய்யாத 50 பேரைக் கருவி சுட்டிக்காட்டும். தேடப்படுகிறவர் அன்று ஒருவர் வந்திருந்தாலே அதிகம். அந்த 50 பேரை நிறுத்தி விசாரிக்கும் போலீஸ்காரர்களுக்கு வேறு வேலை நடக்காது. விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் இடையே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பரில் திறந்த பிறகு அங்கே தேவைப்படுவது வேறு: முகம் பார்க்காமல் தலை மட்டும் எண்ணி, படகுத்துறையிலும் பாலத்திலும் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று சொல்லும் கேமரா. அதன் கணக்கை அந்தக் கேமராவிலேயே முடித்து, எண்ணை மட்டும் வெளியே அனுப்பலாம். படம் சேமிக்க வேண்டியதே இல்லை.

கடல் எல்லை விஷயத்தில் ஒரு தெளிவு. இந்தியப் பெருங்கடல் தீவான டியகோ கார்சியா பக்கம் எல்லை தாண்டிப் பிடிபடுவதைத் தடுக்க ஏ.ஐ. தேவையில்லை. ஜி.பி.எஸ். இடமும் எல்லைக்கோடும் தெரிந்தால் சாதாரண எச்சரிக்கை மணியே போதும். இதை ஏ.ஐ. என்று பெயர் சூட்டி அதிக விலைக்கு விற்றால் வாங்க வேண்டாம். சந்தேகப் படகுகளைச் செயற்கைக்கோள் ரேடார் படத்தில் தேடும் மாடல்கள் இரும்புக் கப்பலை நன்றாகப் பிடிக்கும். நம் மரப் படகும் பைபர் வள்ளமும் அதில் மங்கலாகவே தெரியும். ஆகவே 'படத்தில் இல்லை' என்பதை 'கடலில் இல்லை' என்று எடுத்துக்கொண்டு தேடுதலை நிறுத்தக் கூடாது.

எங்கிருந்து தொடங்குவது என்றால், கொஞ்சப் பணம் உள்ள ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கமோ பஞ்சாயத்தோ முதல் வருடம் மாடலே வாங்க வேண்டாம். மழைமானி, அலை ஏறிய தூரம், ஏலக்கூடக் கணக்கு, எச்சரிக்கை வந்த நேரமும் அது ஊருக்குக் கிடைத்த நேரமும் ஆகியவற்றை ஒழுங்காகப் பதிவு செய்யட்டும். உள்ளூர்ப் பொறியியல் கல்லூரி மாணவர்களை இதற்கு அமர்த்தலாம், அவர்களுக்கும் உண்மையான அளவுகளில் பழகிய அனுபவம் கிடைக்கும். இரண்டாம் வருடம் யாராவது மென்பொருள் விற்க வந்தால், நம் ஊரில் எடுத்த அளவுகளை வைத்து நம் கண்முன் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். 'நேற்றுப் போலவே இன்றும்' என்று சும்மா சொல்வதைவிட இது எவ்வளவு நன்றாகச் சொல்கிறது என்று கேளுங்கள். அதையே தாண்டாத மாடல்கள் நிறைய உண்டு. இணையம் அறுந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள், ஏனென்றால் புயலன்று முதலில் அறுவது அதுதான். பிறகு ஒப்பந்தத்தில் அளவுகள் யாருக்குச் சொந்தம் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். படகு நிற்கும் இடம் என்பது மீன் கிடைக்கும் இடமும்கூட. அது வியாபாரிக்கோ வேறு துறைமுகத்துக்கோ போனால், தலைமுறையாகச் சேர்த்த தொழில் அறிவு கைமாறிப் போகும். தனிநபர் தகவலுக்கு 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சங்கமாகச் சேர்த்த அளவுகளுக்கு நீங்கள் எழுதும் ஒப்பந்தமே முக்கியமான காவல் என்பதால், ஒப்பந்தம் முடிந்ததும் எல்லாவற்றையும் திறந்த வடிவில் திருப்பித் தந்து அழிக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.